பொருந்தினால் போதுமா?

ஒழுக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் மின்சாரக் கம்பிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டே படியுங்கள். பெரிய விஷயங்கள் எல்லாம் பெரிய இடங்களில்தான் கிடைக்கும் என்பது ஒரு பழைய மயக்கம். எனக்கு இது என் மேஜைக்கு அடியில், தூசு படிந்த ஒரு தகரப் பெட்டிக்குள்ளே கிடைத்தது. அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. அந்த விலையை வேறொருவன் தலையில் கட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன் என்பதுதான் இப்போது என்னை எழுத வைக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் என் கம்ப்யூட்டர் கண் திறக்க மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன். விளக்கும் இல்லை, விசிறியின் இரைச்சலும் இல்லை. வழக்கமாகப் பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். பத்து மணிக்கு ஒரு பையன் வந்தான். இருபது வயதுக்கு மேல் இராது. தோளில் ஒரு பை; சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர். அதிகம் பேசமாட்டான். ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. நான் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டிலிருந்து ஒரு தடித்த பிளக்கைப் பிடுங்கினான். அதில் 24 துளைகள் இருந்தன. ஒரு சிறு கம்பித் துண்டை வளைத்து, துளைகளை எண்ணிப் பார்த்து, 16-வது துளையையும் 17-வது துளையையும் அதனால் இணைத்தான். ஒன்றும் நிகழவில்லை.

"எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு சார். உயிரோட இருந்தா இந்நேரம் அதோட ஃபேன் சுத்தியிருக்கும்" என்றான்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, அதை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சிறு சிறு கவளங்களாகப் பிசைந்து மதர்போர்டுக்கு ஊட்டுகிற பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். அதிலிருந்து கொத்தாக வெளிவரும் கம்பிகளில் இரண்டு என் மனத்தைக் கவர்ந்தன. ஒன்று அந்த 16-வது கம்பி. நாம் பொத்தானை அழுத்தியதும், "எழுந்திரு" என்று மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சொல்வது அதன் வழியாகத்தான். மற்றொன்று 8-வது கம்பி. அது பதில் சொல்லும் கம்பி. "என் வோல்ட்டுகள் எல்லாம் நிதானத்துக்கு வந்துவிட்டன, இனி நீ வேலையைத் தொடங்கலாம்" என்று எஸ்.எம்.பி.எஸ். அதன் மூலம் தெரிவிக்கிறது. அந்தச் சேதி வரும்வரை மதர்போர்டு காத்திருக்கும். ஒரு வினாடிக்கும் குறைந்த நேரம்தான், ஆனாலும் காத்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த அளவு மரியாதை மனிதர்களுக்குள் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலைக்குள் அந்த நினைப்பு எனக்கே திரும்பி வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

பையன் ரிச்சித் தெருவுக்குப் போய்ப் புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தான். முதலில் சுவர் பிளக்கிலிருந்து வயரை உருவினான். "ஆஃப் பண்ணிட்டா போதாதா?" என்று கேட்டேன். போதாதாம். கம்ப்யூட்டர் தூங்கும்போதும், சுவர் மின்சாரம் இருக்கிறவரை, ஒரு கம்பியில் மட்டும் 5 வோல்ட் விழித்துக்கொண்டே இருக்குமாம். பொத்தான் அழுத்தப்படுகிறதா என்று கவனிக்க யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டுமே!

பிறகு 24 துளை பிளக்கை என் கையில் கொடுத்து, "நீங்களே திருப்பிப் போட்டுப் பாருங்க சார்" என்றான். போட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. உற்றுப் பார்த்தால்தான் காரணம் தெரிந்தது. அந்த 24 சிறு கூடுகளும் ஒரே வடிவம் இல்லை. சில முழுச் சதுரம். சில இரண்டு மூலை செதுக்கப்பட்டவை. மதர்போர்டில் உள்ள சாக்கெட்டிலும் அதே ஒழுங்கு. சதுரத்தைச் செதுக்கிய துளைக்குள் தள்ள முடியாது. பக்கத்தில் ஒரு கிளிப் வேறு இருக்கிறது. திசை சரியாக இருந்தால் பிளக் இறங்கி, 'கிளிக்' என்று பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆகாது.

மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்கு அருகே, 8 துளைச் சாக்கெட் ஒன்று இருந்தது. பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் போகும் வழி அது. புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் இதைத்தான் மறப்பார்களாம். மறந்தால் ஒன்றும் எரியாது. விளக்குகள் மின்னும், விசிறிகள் சுழலும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. வெளிச்சமும் ஆரவாரமும் இருந்து சிந்திக்கிற பாகத்துக்கு மட்டும் சோறு போகாத நிலைமை! சில சபைகளில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டுக்கு என்று இன்னொரு 8 துளை பிளக் உண்டு. பார்ப்பதற்கு இதற்கு அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் இதில் 12 வோல்ட் இருக்கிற வரிசையில் அதில் பூமிக் கம்பிகள். மாறிப் போனால் ஆபத்து. அதனால் அவற்றின் செதுக்கல்களையும் வெவ்வேறாக வைத்திருக்கிறார்கள். "பலத்தைக் காட்டி அமுக்கினா சில சமயம் உள்ள போயிடும் சார். அதனால, கஷ்டப்பட்டுத்தான் போகுதுன்னா தப்பா போகுதுன்னு அர்த்தம்னு அண்ணன் சொல்வார்" என்றான் பையன். அண்ணன் என்பது கடை முதலாளி.

அந்த அண்ணன் தொழில் கற்றது பழைய காலத்தில். அப்போது இந்தச் சௌகரியம் கிடையாது. 1984-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த ஏ.டி. கம்ப்யூட்டரிலும், அதைப் பின்பற்றி உலகம் முழுவதும் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களிலும், மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனி பிளக்குகளில் வந்தது. ஒவ்வொன்றிலும் 6 கம்பிகள். பி-8, பி-9 என்று பெயர். இரண்டும் ஒரே அளவு. பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும். இடது வலது மாறிவிட்டால்? பிளக் ஆட்சேபிக்காது, சமர்த்தாக உள்ளே போய்விடும். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு போய்விடும். ஆகவே தொழிலில் ஒரு மந்திரம் வழங்கி வந்தது: "கறுப்போடு கறுப்பு." இரண்டு பிளக்கிலும் உள்ள கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டாற்போல் வரவேண்டும். குரு சிஷ்யனுக்குச் சொன்ன முதல் பாடம் அது. மறந்தவன் ஒரு மதர்போர்டின் விலை கொடுத்து நினைவுபடுத்திக்கொண்டான்.

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய ஒழுங்கை வெளியிட்டது. இரண்டு பிளக்குகள் போய் ஒரே பிளக் வந்தது. முதலில் 20 துளை, பிறகு 24. மாற்றிச் செருகுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. மந்திரத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இன்று விற்கும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லாக் கம்பிகளுமே கறுப்பு.

பையன் இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு ஓர் ஆட்சேபணை தோன்றியது. இது நல்லதுதானா? "கறுப்போடு கறுப்பு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு தடவை பார்த்துச் செருகினானே அந்தப் பழைய தொழிலாளி, அவனிடம் ஒரு ஜாக்கிரதை இருந்தது. இன்றைய பையனுக்கு அது தேவை இல்லை. தவறு செய்ய முடியாதவன் சரியாகச் செய்வதில் என்ன பெருமை? பூட்டிய வீட்டில் திருடாதவனை யோக்கியன் என்று சொல்வோமா? தவறுக்கு வழி திறந்திருந்தும் அதில் போகாதவனைத்தானே நல்லவன் என்கிறோம்? எல்லா வழிகளையும் அடைத்துவிட்டால் மனிதன் நல்லவனாகிவிடமாட்டான். அவன் செயல் மட்டும் நல்லதாக இருக்கும். மதர்போர்டு பிழைக்கும், மனிதன் வளரமாட்டான். இப்படி எனக்குள்ளே வாதம் பண்ணிக்கொண்டேன். வாதம் எனக்கே பிடித்திருந்தது. ஒரு கட்டுரைக்கு ஆகும் என்றுகூட நினைத்தேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது தெரிகிறது. மறதியை ஒழுக்கக் குறைவு என்று நான் எண்ணியதுதான் அந்த ஓட்டை. திருடுகிறவன் திருட நினைக்கிறான். பிளக்கை மாற்றிச் செருகுகிறவன் சரியாகச் செருகத்தான் நினைக்கிறான். வீட்டில் குழந்தைக்கு ஜுரம் என்ற நினைப்பில் கை மாறிவிடுகிறது. அவனை உத்தமனாக்குவதற்காக ஒரு மதர்போர்டை எரிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த விஷயத்தில் ஜப்பானியர் ஒருவர் சிந்தித்திருக்கிறார். ஷிகியோ ஷிங்கோ என்று பெயர். தொழிற்சாலைகளுக்கு யோசனை சொல்லும் எஞ்சினீயர். 1961-ல் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் ஒரு சிறு பொத்தானுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் வைக்க வேண்டியிருந்தது. சில சமயம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். "கவனமாக இருங்கள்" என்று மேலதிகாரிகள் கண்டித்துக்கொண்டே இருந்தார்கள். மறதியும் இருந்துகொண்டே இருந்தது. ஷிங்கோ சொன்ன யோசனை இதுதான்: முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சின்னத் தட்டில் போட்டுக்கொள். பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து. வேலை முடிந்த பிறகு தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் நீ மறந்துவிட்டாய் என்று தட்டே சொல்லிவிடும். அவ்வளவுதான்.

இத்தகைய உபாயங்களுக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர். முட்டாள்களிடமிருந்து காப்பது என்று பொருள். 1963-ல் ஒரு கார் உடல் செய்யும் தொழிற்சாலையில் இந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருத்தி அழுதுவிட்டாள். தான் அவ்வளவு முட்டாளா என்று அவளுக்கு வேதனை. அதன் பிறகு ஷிங்கோ பெயரை 'போகா-யோகே' என்று மாற்றினார். கை தவறுதலிலிருந்து காப்பது என்று பொருள். ஓர் எழுத்துத்தான் மாறியது. ஆனால் அந்த ஓர் எழுத்தில் ஒரு பெரிய கௌரவம் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. குற்றம் அவள் புத்தியில் இல்லை, வேலையின் அமைப்பில் இருந்தது என்று ஒப்புக்கொண்ட பெயர் அது.

அண்மையில் நடந்த ஒன்றும் இதையே சொல்லுகிறது. 2022-ல் புதிய வகை கிராபிக்ஸ் கார்டு பிளக் ஒன்று வந்தது. கையகலம்கூட இல்லாத அதன் வழியாக 600 வாட் வரை போகலாம். வந்த சில வாரங்களில் சிலருடைய பிளக்குகள் உருகிப்போயின. பிளக்கைக் கடைசிவரை அழுத்திச் செருகாததும் ஒரு காரணம் என்று கண்டார்கள். "உபயோகிப்பவர்கள் ஒழுங்காகச் செருகவில்லை" என்று சொல்லிக் கையை உதறிவிட்டிருக்கலாம். சிலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் 2023-ல் அந்தச் சாக்கெட்டைத் திருத்தினார்கள். பிளக் செருகப்பட்டிருக்கிறதா என்று உணரும் சிறு பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். அரைகுறையாகச் செருகினால் அந்தப் பின்கள் தொடமாட்டா. கார்டு மின்சாரத்தை இழுக்காது. அந்தக் குறைத்த நீளத்தில் நான் ஒரு மன்னிப்பைக் காண்கிறேன்.

இப்படிப் பார்த்தால் பிளக்கில் உள்ள அந்தச் செதுக்கல் என்ன? எங்கோ ஓர் எஞ்சினீயர் மேஜை முன் உட்கார்ந்து, "இதை ஒருவன் திருப்பிச் செருகிவிட்டால்?" என்று ஒரு கணம் தயங்கியிருக்கிறான். தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவனுக்காகத் தயங்கியிருக்கிறான். அந்தத் தயக்கத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்து வைத்திருக்கிறான். இனி ஒவ்வொரு கையும் தயங்க வேண்டியதில்லை. பிளக்கே எல்லாருக்காகவும் தயங்கிக்கொள்கிறது. அந்த வேலையில் ஒழுக்கம் ஒழிந்துபோகவில்லை; செருகுகிறவன் கையிலிருந்து செய்கிறவன் கைக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி ஒருவன் நமக்கு முன்னாலேயே தயங்கி வைத்திருப்பானா? இனி நான் என் கதைக்கு வரவேண்டும்.

என் பழைய எஸ்.எம்.பி.எஸ். மாடுலர் என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது, கம்பிகள் பெட்டியோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல; இரண்டு முனையிலும் பிளக் வைத்தவை. ஒரு முனை மதர்போர்டிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ செருகப்படும். மறு முனை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே செருகப்படும். புதிதாக வாங்கி வந்ததும் அந்த வகைதான், வேறு கம்பெனியுடையது. பையன் மதர்போர்டுக்கும் பிராசஸருக்கும் போகும் பழைய கேபிள்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டுவிட்டான். மிச்சம் இருந்தது ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கேபிள் ஒன்றுதான். அது பின்பக்கத் தகட்டுக்குள்ளே வளைந்து நெளிந்து ஓடி, நாலைந்து இடத்தில் கட்டப்பட்டிருந்தது. எடுப்பதென்றால் அரைமணி நேரம் ஆகும். மணி நாலு ஆகிவிட்டது. எனக்கு அன்று ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.

"அதை ஏன் தம்பி பிரிக்கிறாய்? அப்படியே இருக்கட்டுமே" என்றேன்.

அவன் கை நின்றது. "இல்ல சார்... இது பழைய செட்டோட கேபிள்" என்றான்.

நான் குனிந்து, அந்தக் கேபிளின் முனையை எடுத்துப் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் துளையில் நானே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இறங்கியது. 'கிளிக்' என்று சத்தம் கூடக் கேட்டது.

"பொருந்துகிறதே! பிறகு என்ன யோசனை?"

அவன் இன்னும் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் அவசரம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் எரிச்சலும் இருந்திருக்கும். "சரி சார்" என்றான்.

பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் ஒரு சுற்றுச் சுற்றின. 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். எல்லாம் நின்றுபோயிற்று. கருகிய வாசனை மெல்ல எழுந்தது.

பிற்பாடு தெரிந்துகொண்டேன்: மதர்போர்டு முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே ஒழுங்கு உண்டு. ஹார்ட் டிஸ்க் முனையிலும் உண்டு. ஆனால் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முனைக்கு அப்படி ஒரு பொது ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி அமைத்துக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாதிரிகளுக்குள்ளேகூட வித்தியாசம் இருக்கலாம். பிளக்கின் வடிவம் ஒன்றாக இருக்கும். உள்ளே ஓடுவது வேறாக இருக்கும். என் டிஸ்க்கில் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிற்று. கம்ப்யூட்டர் தப்பித்தது, டிஸ்க் போயிற்று. அதோடு ஒரு நாவலின் ஒன்பது அத்தியாயங்களும் போயின. நகல் எடுத்து வைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான்.

அன்று மாலை பையனோடு நானும் கடைக்குப் போனேன். முதலாளி டிஸ்க்கை வாங்கி மோந்து பார்த்தார். நிமிர்ந்து பையனைக் கேட்டார்: "பழைய கேபிளையா போட்ட?"

பையன் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே" என்றான்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! செட்டு மாத்தினா எல்லாக் கேபிளையும் மாத்தணும்னு சொல்லியிருக்கேனா இல்லையா? சாரோட எழுத்தெல்லாம் போச்சே, என்ன பதில் சொல்லுவ? புது டிஸ்க் காசை உன் சம்பளத்திலதான் பிடிக்கப் போறேன்."

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி ஒரு புதிய டிஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்து, "மன்னிச்சிடுங்க சார்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டும் வந்தேன். அந்தப் 'பரவாயில்லை'யை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து என் பக்கத்து நியாயங்களை அடுக்கினேன். தொழில் தெரிந்தவன் அவன், நான் தெரியாதவன். தெரிந்தவன் அல்லவா மறுத்திருக்க வேண்டும்? நான் ஒரு யோசனைதான் சொன்னேன், கட்டாயப்படுத்தவில்லையே? எஸ்.எம்.பி.எஸ். முனைக்கும் ஒரே ஒழுங்கு வைக்காத கம்பெனிகள் அல்லவா முதல் குற்றவாளிகள்? போனதும் என் நாவல்தானே. நஷ்டம் எனக்கும் உண்டே? ஒவ்வொரு நியாயமும் அழகாகப் பொருந்தியது. 'கிளிக்' என்ற சத்தம்கூடக் கேட்டது. அந்தச் சத்தம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. மாலையில் கேட்ட அதே சத்தம்!

பொருந்துகிற நியாயங்களை நம்பித்தான் நாம் அநேகமாகக் காலத்தை ஓட்டுகிறோம். ஒரு சமாதானம் மனத்தில் உள்ள காலி இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால், அது இந்தக் காரியத்துக்கு உரியதுதானா, வேறொரு செட்டிலிருந்து எடுத்துவந்ததா என்று நாம் கேட்பதில்லை. "தெரிந்தவன்தான் பொறுப்பாளி" என்பது நல்ல நியாயம். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் அது சரியாக ஓடும். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும் இருபது வயதுப் பையனுக்கும், அவன் முதலாளியின் பழைய வாடிக்கைக்காரனும் வயதில் அவனைப்போல் இரண்டு மடங்கானவனுமான எனக்கும் நடுவில் அதைச் செருகினால், அவனுக்குத் தாங்காத வோல்ட் அவன்மேல் பாய்கிறது.

கம்பெனிகளின் குற்றம் குற்றம்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மதர்போர்டு முனையில் தயங்கத் தெரிந்தவர்கள் தங்கள் முனையில் தயங்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் தயங்காத அந்த இடத்தில் தயக்கமே இல்லாமல் போய்விடவில்லை. "இல்ல சார்..." என்று ஒரு குரல் இழுத்ததே, அதுதான் அங்கே இருந்த செதுக்கல். ஒரு நாள் முழுவதும் பிளக்குகளின் செதுக்கலை வியந்துகொண்டிருந்தவன், கடைசியில் ஒரு மனிதனிடத்தில் அதைச் சந்தித்தபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் வயதாலும் என் அவசரத்தாலும் என் முகச்சுளிப்பாலும் அதைச் சீவித் தள்ளிவிட்டேன். எனக்குத் தெரியாது என்பது என் பிழை அன்று, தெரியாதது பாவமில்லை. தெரிந்தவன் தயங்கினான், தெரியாத நான் தயங்கவில்லை என்பதுதான் என் பிழை. மதர்போர்டு காத்திருக்கிறது என்று காலையில் வியந்தேனே, அந்த ஒரு வினாடியைக்கூட நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை கடையில் நின்ற அந்த இரண்டு நிமிஷம். முதலாவதில் அறியாமை இருந்தது. இரண்டாவதில் அதுகூட இல்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் தெரியும். தவறு செய்ய முடியாதபடி அமைத்துவிட்டால் மனிதன் வளரமாட்டான் என்று மத்தியானம் கவலைப்பட்டேனே, மாலையில் பார்த்தால் வளர்வதற்கு வேண்டிய இடம் தாராளமாகக் கிடந்தது. 24 துளைகளையும் அடைத்த பிறகும் அது அப்படியே இருந்தது. வாயைத் திறப்பதா, மூடுவதா என்பதற்கு எந்த எஞ்சினீயரும் செதுக்கல் வைத்துத் தர முடியாது.

மூன்றாவது நாள் காலையில் கடைக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். டிஸ்க்கின் பணத்தை மேஜைமேல் வைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவர் பணத்தை எண்ணவில்லை. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். பையனை எல்லார் எதிரிலயும் திட்டிட்டேனே" என்றார். சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். திட்டியதை எப்படித் திருப்பி வாங்குவது?

பையன் உள்ளே ஏதோ ஒரு மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய், "நீ ஏன் தம்பி அன்று மறுக்கவில்லை?" என்று கேட்டேன். கேட்டபோதே அது எவ்வளவு அபத்தமான கேள்வி என்று தெரிந்தது. அவனுக்குக் கோபம் இல்லை. "பெரியவங்க சொன்னா எப்படி சார் மறுக்கறது?" என்றான். ஷிங்கோவைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது. சிறியவன் சொல்வதற்கு இடம் இல்லாத பொருத்தம் ஒன்றை நாம் வீடுகளிலும் ஆபீசுகளிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்திருக்கிறோம். அதை மரியாதை என்று வேறு சொல்கிறோம்.

இப்போது அந்தக் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால், பழைய பெட்டியையும் அதன் கேபிள்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி வாடிக்கைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கட்டைப் பிரித்தால்தான் தவறு செய்ய முடியும். பையனுடைய யோசனைதானாம். என் வீட்டுக் கட்டு பரணில் இருக்கிறது.

போன வாரம் அவன் மறுபடியும் வந்திருந்தான். மதர்போர்டில் ஏதோ ஒரு விசிறி இரைந்தது. விசிறியின் வயரைச் செருகப் போனவன் பாதியில் கையை நிறுத்தி, "இருங்க சார், ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்றான். எனக்கு அன்றும் அவசரம்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, விளக்கை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.